நத்தை கடித்த சுரைக்காய்

போன வாரம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். காரியாபட்டிக்காரர். அவருக்கு ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் நான்.

"வாரா வாரம் பத்திரிகையில எழுதுறது நீங்கதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். புகழப் போகிறார் என்று நினைத்து, அடக்கமாகச் சிரிப்பதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"நல்லாத்தான் எழுதுறீக. ஆனா பிரயோசனமா ஒண்ணும் எழுத மாட்டேங்கிறீகளே!"

எப்படி இருக்கிறது! அவர் வீட்டுக் கீரைப் பாத்தியை நத்தை தின்று தீர்க்கிறதாம். அதை ஒழிக்க ஒரு வழி எழுதினால் நாலு பேருக்கு உபகாரமாக இருக்குமாம். சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. அப்புறம் யோசித்தேன்... கேட்டதுதான் கேட்டார், சரியான ஆளைப் பார்த்துத்தானே கேட்டிருக்கிறார்? இந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நத்தையைத் தவிர வேறு எதைப் பற்றியாவது நான் பேசினேனா? எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். ஆகவே இன்றைக்குப் பிரயோசனமான விஷயம்தான். கதை வேண்டாம் என்பவர்கள் நடுவில் வருகிற சாம்பல், சுண்ணாம்புச் சமாசாரத்தை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது ஆமத்தூரில். வானம் பார்த்த பூமி. எங்களுக்குத் தேள் தெரியும், பூரான் தெரியும், நல்ல பாம்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் தெரியும். நத்தைக்கும் எங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? அதெல்லாம் தஞ்சாவூர்க்காரர்கள் பாடு என்று நிம்மதியாக இருந்தோம்.

நத்தைக்கு வருவதற்கு முன்னால் என் பக்கத்து வீட்டுக் கிரேஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கெல்லாம் அவள் 'சிஸ்டர்', எனக்கு மட்டும் கிரேஸ். அவள் புருஷன் தங்கராஜ் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். என்னை 'மதினி' என்பார், எங்கள் வீட்டுக்காரரை 'அண்ணாச்சி' என்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷர்.

இந்தக் கோடையில் அவர் நின்றுகொண்டிருந்த அறையில் மருந்து பற்றிக்கொண்டது. மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். கூட வேலை பார்க்கும் மாரியப்பன் என்பவர் உள்ளே பாய்ந்து இவரை இழுத்து வெளியே போட்டாராம். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அன்றைக்கு அங்கே டியூட்டியில் இருந்தது யார்? கிரேஸ்! எத்தனையோ வீட்டு ஆண்களுக்குத் தீக்காயக் கட்டுப் போட்டவள், அன்றைக்குத் தன் வீட்டு ஆளுக்குப் போட்டாள்.

அப்போது அவள் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். நம் கோயில்களில் நேர்ந்துகொள்கிறோமே, அதைத்தான் கிறிஸ்தவர்கள் பொருத்தனை என்கிறார்கள். அவர் பிழைத்து வீடு திரும்பினால் சும்மா கிடக்கிற கொல்லையில் காய்கறித் தோட்டம் போடுவது, அதில் முதலில் காய்ப்பதை ஸ்தோத்திரப் பண்டிகையன்று அவர்கள் கோயிலில் கொண்டுபோய் வைப்பது. ஏன் தோட்டம் என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். தண்ணீருக்கு எங்கே போவது என்று இவள்தான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தாளாம். சொல்லும்போது அழுதாள்.

ஸ்தோத்திரப் பண்டிகை என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மழை முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் கொடுத்ததற்கு நன்றி என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவருவார்கள். மாடு வைத்திருப்பவர் பால், கோழி வைத்திருப்பவர் முட்டை, தோட்டக்காரர் காய். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு முட்டைக்கு நாலு பேர் போட்டி போடுவார்கள். ஜெயித்து வாங்கியவர் உடனே "திரும்ப ஏலத்துக்கே" என்று கொடுத்துவிடுவார்! முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவை நானும் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மல்லுக்கு நின்றேன்.

தங்கராஜ் ஆவணியில் வீடு திரும்பினார். உயிர் திரும்பியது, ஆள் திரும்பவில்லை. முகத்தில் ஒரு பக்கமும் இரண்டு கைகளும் வெந்து, ஆறி, தோல் சுருங்கிக் கிடந்தன. விரல்கள் மடங்கவில்லை. தெருவில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். கொல்லைக்கு வந்தால்கூடத் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொள்வார். ஞாயிறுதோறும் கிரேஸ் கோயிலுக்குச் சேலை மாற்றிக்கொண்டு போய் நின்று கூப்பிடுவாள். "சனம் பாக்கும்" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவள் தனியாகப் போய்விட்டு வருவாள்.

ஆனாலும் தோட்டம் போட்டாயிற்று. கண்மாயிலிருந்து வண்டல் மண் ஒரு வண்டி வந்து இறங்கியது. கீரை, கத்தரி, தக்காளி, அவரை எல்லாம் விதைத்தாள். சுவரோரம் ஒரு சுரை. அரிசிக்கு க்யூவில் நிற்கிற இந்தக் காலத்தில் கொல்லையில் நாலு காய் காய்த்தால் யாருக்குக் கசக்கும்? நானும் என் பங்குக்கு மதில் மேல் எட்டிப் பார்த்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பெய்தது பாருங்கள் ஒரு மழை! வருஷா வருஷம் மேகத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறவர்கள், போதும் சாமி என்று சொல்கிற அளவுக்குப் பெய்தது.

மழையோடு வந்தனவா, வண்டல் மண்ணோடு வந்தனவா தெரியாது. ஒரு நாள் காலையில் கிரேஸ் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கப் பசை போல ஒரு பளபளப்பு. கீரை இருந்த இடத்தில் காம்பு மட்டும் நிற்கிறது. ஓட்டோடு சில, ஓடே இல்லாமல் கொழகொழவென்று சில... எனக்கு அன்றைக்குக் காலைப் பலகாரம் இறங்கவில்லை. கீரைதான் முதலில் வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நத்தைக்கும் அதே நினைப்பு!

இனிமேல் பிரயோசனமான பகுதி. காரியாபட்டி அம்மாள் கவனிக்கவும்.

முதலில் சாம்பல். செடியைச் சுற்றி வளையம் போட்டால் நத்தை தாண்டாது. உண்மைதான், தாண்டவில்லை. ஆனால் ஒரு மழை பெய்தால் சாம்பல் கரைந்து போகிறது, நத்தை வந்துவிடுகிறது. அடுத்து சுண்ணாம்புத் தூள். அதுவும் அதே கதைதான், காசும் கேட்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். ஆனால் தோட்டம் முழுக்கப் போடுவதற்கு முட்டை தின்ன எங்கள் இரண்டு வீட்டுக்கும் வசதி இல்லை.

கள்ளைச் சிரட்டையில் ஊற்றி மண்ணில் புதைத்து வைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து சாகும் என்றார் ஒருவர். மதுவிலக்கு அமலில் இருக்கிற சீமையில் நத்தைக்கு மட்டும் எங்கே போய்க் கள் வாங்குவது? புளித்த நீராகாரத்தை ஊற்றி வைத்தேன். கொஞ்சம் வந்து விழுந்தன. மீதி குடித்துவிட்டுப் போயிருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்.

கடைசியில் நத்தைக்கு உண்மையான வைத்தியம் என்ன தெரியுமா? கைதான். விடிகிற நேரத்தில் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது. ஒரு நாள் விட்டாலும் போச்சு.

யார் பொறுக்குவது? எனக்கு அதைத் தொட்டால் குமட்டும். கிரேஸ் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். இரண்டு பேரும் வாளியை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது உள்ளேயிருந்து தங்கராஜ் வந்தார். தலையில் துண்டு. வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டார்.

அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, அவருக்கு அது வசதி. முதல் நாள் ஒரு நத்தையைக் கரண்டியால் தள்ளித் தள்ளி, அது உருண்டு ஓட, இவர் பின்னாலேயே போக... பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கிரேஸ் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். கரண்டி போய்க் கட்டைவிரலும் சுண்டுவிரலும் வந்தன. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். டாக்டர் துணிப் பந்தைக் கொடுத்து, அமுக்கி அமுக்கி விரலைப் பழக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பந்தை இவர் மூலையில் எறிந்துவிட்டிருந்தார். நத்தை மேல் இருந்த கோபத்தில் அந்தப் பழக்கம் தன்னால் நடந்துவிட்டது!

ஒரு நாள் காலையில் காபி டம்ளரை அவர் தன் கையாலேயே பிடித்துக் குடித்தார். கிரேஸ் ஓடி வந்து என்னிடம் சொன்னாள். நான் மதில் மேல் தலையை நீட்டி, வேண்டுமென்றே சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் மதினி என்றார். நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் நத்தையும் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டோமா?

ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பாத்திகளுக்கு நடுவில் ஈரச் சாக்கை விரித்து வைத்தால், விடிந்ததும் நத்தையெல்லாம் அதன் அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், சாக்கைத் தூக்கி அள்ளிவிடலாம் என்றார்கள். சொன்னேன். தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்த நேரம். தங்கராஜைப் பார்க்க வந்திருந்த மாரியப்பன் காதில் இது விழுந்தது. சாக்குக்கா பஞ்சம் என்று, மறுநாளே ஆட்களோடு ஒரு கட்டுச் சாக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். உதறினார்கள், தண்ணீரில் ஒரு முக்கு முக்கினார்கள், கீரைப் பாத்தி, கத்தரிப் பாத்தி எல்லாவற்றிலும் விரித்தார்கள். தங்கராஜும் கூட நின்று விரித்தார். அவர்களோடு சேர்ந்து அவர் அன்றைக்குச் சிரித்ததை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

மறுநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நத்தை கூட இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஓடிப் போய்விட்டன என்று எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். நான் ரேடியோவை மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மழை பெய்தது. இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் மறுபடி துளிர்த்திருந்த கீரை போயிற்று, கத்தரி போயிற்று, தக்காளி போயிற்று. வெந்நீரைக் கொட்டியது போலக் கிடந்தன.

அது கம்பெனிக்கு வெடியுப்பு வந்த சாக்கு. வெடிமருந்துக்குக் கலக்கிற உப்பு. மழையில் கரைந்து பாத்தி முழுக்க இறங்கிவிட்டது. பட்டாசு வேலையில் ஊறிய ஃபோர்மேன், ஆட்கள், தீக்காயம் பார்த்துப் பார்த்துப் பழகிய நர்ஸ் — இத்தனை பேரில் ஒருவர்கூட அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை. எங்களுக்குத்தான் மருந்து மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாதே... அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்! நத்தை மட்டும் முதல் நாளே கண்டுபிடித்து ஒதுங்கிவிட்டது. ஆகவே அம்மணி, சாக்கு வைப்பதானால் அரிசிச் சாக்கு வையுங்கள். அரிசிச் சாக்குக்கு எங்கே போவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

மாரியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கொல்லையில் நின்று பார்த்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். பொருத்தனை விஷயம் அவருக்கும் தெரியும்.

கிரேஸ் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "குடிங்கண்ணே" என்றாள். "எங்க வீட்டு ஆளையே நெருப்புக்குள்ள இருந்து தூக்கியாந்த கை அது. நாலு கத்தரிச் செடி போனா போகுது."

சுரைக்கொடி மட்டும் தப்பியது. அது சுவரோரம் இருந்தது, அங்கே சாக்குப் போடவில்லை. கொடி பந்தலில் ஏறியிருந்தாலும் முதல் காய் தாழப் பிடித்துத் தரையில் கிடந்தது. அதையும் பிஞ்சிலேயே நத்தை ஒரு பக்கம் சுரண்டியிருந்தது. காய் சாகவில்லை. சுரண்டின இடம் பழுப்பாகத் தடித்து, சொரசொரவென்று காய்ந்து போய், அதோடேயே வளர்ந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கிரேஸ் அதைப் பறித்துக் கொண்டுவந்து, கொல்லைப்புறக் கல்லில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் வைத்தாலும் அவள் கண்ணுக்கு வடுதான் தெரிகிறது.

நான் என் யோசனையைச் சொன்னேன். மார்க்கெட்டில் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள், சாமிக்குத் தெரியாதா உன் கஷ்டம்? முறைத்தாள். சரி, பந்தலில் இரண்டாவதாக ஒரு பிஞ்சு இருக்கிறதே, அதைப் பறி என்றேன். "முதல் காய்னுதானக்கா சொன்னேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. முதல் காயைத்தான் வைக்க வேண்டும், ஆனால் பழுதில்லாததைத்தான் வைக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதாம். இவளிடம் இருப்பதோ பழுதான முதல் காய். அவருக்கு உயிர் கொடுத்த ஆண்டவருக்கு நான் கொண்டுபோய் வைப்பது இதுதானா என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

தங்கராஜ் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை.

"பழுதானது அங்கன வரக்கூடாதுன்னா, என்னைய எதுக்கு வாரா வாரம் கூப்பிட்டே?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

கிரேஸ் அப்படியே அவரைப் பார்த்தாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதே முந்தானையால் சுரைக்காயில் ஒட்டியிருந்த மண்ணையும் துடைத்தாள்.

"சரி. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் கிளம்பி இருங்க" என்றாள், காயையும் அவரையும் பார்த்து!

மறுநாள் நாங்களும் போனோம். தங்கராஜ் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, தூணோரமாகக் கடைசியில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் ஏலம், அங்கேயும் கிரேஸோடு கடைசியில்தான் போய் உட்கார்ந்தார். மாரியப்பனும் கம்பெனி ஆட்கள் சிலரும் சைக்கிளோடு மதிலோரம் நின்றார்கள். அவர்கள் அந்தக் கோயில்காரர்கள் இல்லை, சும்மா வந்தோம் என்றார்கள். சும்மாவா வருவார்கள்?

ஏலம் போட்டவர் ஒரு வாத்தியார். முட்டை போனது, பால் போனது, வாழைத்தார் போனது. சுரைக்காயைத் தூக்கினார். வடுவைப் பார்த்தார். நல்ல மனுஷர்... யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று, வடு இருக்கிற பக்கத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பச்சைப் பசேலென்று இருந்த பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், அந்தப் பக்கத்தையும் காட்டுங்க. சனம் பாக்கட்டும்."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. தங்கராஜ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலையில் கிடந்த துண்டு எப்போது தோளுக்கு இறங்கியது என்று எனக்குத் தெரியாது. வெயில் அவர் முகத்தில் அடித்தது. பக்கத்தில் கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஆனால் அது வேறு அழுகை.

வாத்தியார் காயைத் திருப்பினார். தலைக்கு மேலே தூக்கி நாலு திசைக்கும் காட்டினார். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! முதல் ஏலக் கேள்வி மதிலோரத்திலிருந்து. மாரியப்பன்! வாங்கினார், "திரும்ப ஏலத்துக்கே" என்றார். அடுத்து போதகர் வாங்கினார், அவரும் திரும்பக் கொடுத்தார். தறிக்காரர் ஒருவர், பக்கத்துத் தெருப் பலசரக்குக் கடைக்காரர்... அந்தக் காய் எத்தனை கை மாறியது என்று நான் எண்ணவில்லை. யாருக்குக் கண் தெரிந்தது எண்ணுவதற்கு?

கடைசியில் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரர்! பஸ்ஸுக்குப் பதிலாக நடந்து காசை மிச்சம் பிடிக்கிற மனுஷர், சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு, சுரைக்காயைத் தோளில் சாத்திக்கொண்டு என்னைப் பார்த்து அசடு வழிந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்த செலவுகளில் நான் வாயே திறக்காதது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கூட்டு வைப்பதற்காக அரிவாள்மனையில் தோலைச் சீவினேன். நத்தை கடித்த பக்கம் எது, கடிக்காத பக்கம் எது என்று உள்ளே எனக்குக் கடைசிவரை தெரியவில்லை!